டயல் திருகுக்கு நகப்பூச்சா, லாக்டைட்டா?

பென்டாக்ஸ் கே1000 கேமராவின் ஷட்டர் வேக டயல் ஆடுகிறதா? பெரும்பாலும் விளிம்பில் புதைந்திருக்கும் கடுகளவுத் திருகுகள் தளர்ந்திருக்கும். இறுக்குவது எளிது, மறுபடி தளராமல் காப்பதில்தான் குழப்பம்: நகப்பூச்சு தடவுவதா, திருகின் மரையைப் பூட்டும் பசையான லாக்டைட்டா?

செலவு: நகப்பூச்சு வீட்டிலேயே இருக்கும். லாக்டைட் 222 என்றால் ஒரு துளிக்காக முழுக் குப்பி வாங்க வேண்டும்.

பிடிப்பு: நகப்பூச்சு மேலோடு ஒட்டும். லாக்டைட் காற்றுப் படாத மரைக்குள் இறுகும், அதிர்வுக்கு அசையாது.

கழற்றுவது: நகப்பூச்சுக்கு அசிட்டோன் போதும். ஆனால் அது டயலின் எண்களையும் கரைக்கும். என் டயலில் 125இன் வால் அப்படித்தான் போனது. ஊதா நிற 222 திருப்புளிக்கே விட்டுக்கொடுக்கும். சிவப்பு வகை வேண்டவே வேண்டாம், சூடு காட்டினால்தான் விடும்.

அடிக்கடி பிரித்துப் பார்ப்பவருக்கு நகப்பூச்சு. கேமராவோடு பைக்கில் அலைபவருக்கு 222. லாக்டைட்டைப் பிளாஸ்டிக்கில் மட்டும் படவிடாதீர்கள், சில வகைப் பிளாஸ்டிக் விரிசல் விடும்.