வழக்காடுவதா, சட்டம் இயற்றுவதா?

பொதுவாழ்வில் இறங்க நினைக்கும் வழக்கறிஞர் முன்னால் இரண்டு பாதைகள் உண்டு. நீதிமன்றத்திலேயே நின்று மக்களுக்காக வாதாடலாம். இல்லை, தேர்தலில் நின்று சட்டம் இயற்றும் அவைக்குப் போகலாம்.

முதல் பாதைக்குத் தர்குட் மார்ஷல் நல்ல உதாரணம். அமெரிக்க அரசுப் பள்ளிகளில் நிறப் பாகுபாடு செல்லாது என்ற தீர்ப்பை 1954-இல் வாதாடிப் பெற்றவர். இங்கே ஓட்டுக்குப் பயப்பட வேண்டாம். பெரும்பான்மைக்குப் பிடிக்காத ஒருவருக்காகவும் துணிந்து பேசலாம். நான் மிகவும் மதிப்பது இதைத்தான். ஆனால் ஒரு வழக்கு முடிய ஆண்டுக்கணக்காகும். அப்புறம், தீர்ப்பை நடைமுறைப்படுத்துவது அரசின் கையில். மார்ஷல் பெற்ற தீர்ப்புக்குப் பிறகும், 1957-இல் அமெரிக்காவின் லிட்டில் ராக் நகரப் பள்ளிக்குள் ஒன்பது கறுப்பின மாணவர்கள் நுழைய ராணுவமே வர வேண்டியிருந்தது.

இரண்டாவது பாதையில் வீச்சு அதிகம். வழக்கறிஞராக இருந்து அமெரிக்க அதிபரான லிங்கன் பாடுபட்ட, அந்நாட்டு அரசியலமைப்பின் 13-ஆவது திருத்தம், 1865-இல் நாடு முழுக்க அடிமை முறையை ஒழித்தது. சரி, விலை? கட்சிக் கட்டுப்பாடும் சமரசமும்தான்.

சட்டமே அநீதியாக இருந்தால் அவைக்குப் போங்கள். நல்ல சட்டம் இருந்தும் எளியவருக்கு எட்டவில்லை என்றால் நீதிமன்றத்தை விட்டு நகராதீர்கள். என் விருப்பம் நீதிமன்றமே.