ஹெட் கேஸ்கெட் என்று காசு வாங்கினார்கள், கசிந்தது வாட்டர் பம்ப்

பழைய கார் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்ஜினைக் குளிர வைக்கும் கூலண்ட் குறைகிறது என்று வண்டியைக் கொண்டுபோய் விட்டதும் ‘ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு’ என்று யாராவது சொன்னால், எங்கே கசிகிறது என்பதைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவரிடம் வண்டியை ஒப்படைக்காதீர்கள். ஹெட் கேஸ்கெட் என்பது என்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்க வைக்கும் தகடு. திருச்சியில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெயரைப் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது.

வண்டி 2003 மாடல் மாருதி எஸ்டீம். அப்பா வாங்கியது, இப்போது நான் ஓட்டுகிறேன். 1298 சிசி என்ஜின், பிளாக், ஹெட் இரண்டுமே அலுமினியம். சூடு ஏறினால் ஹெட் வளைந்துவிடும் என்பதால் அப்பா கூலண்ட் விஷயத்தில் எப்போதும் கறாராக இருப்பார். அந்தப் பழக்கத்தில் நானும் அடிக்கடி ரிசர்வ் டேங்கைப் பார்ப்பேன். சில வாரங்களாக அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே போய்க்கொண்டிருந்தது. வண்டி நிற்கும் இடத்தில், டிரைவர் பக்க முன்சக்கரத்துக்கு உட்புறமாகத் தரையில் பச்சையாக ஒரு சின்னக் கறை. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது பெல்ட் பக்கம் லேசாகக் கீச்சென்று ஒரு சத்தம். டெம்பரேச்சர் முள் மட்டும் எப்போதும் போலப் பாதிக்குக் கீழேயே இருந்தது.

இதையெல்லாம் ஒர்க்‌ஷாப் சூப்பர்வைசரிடம் வரிசையாகச் சொன்னேன். கறை விழும் இடத்தை மொபைலில் எடுத்த படத்தையும் காட்டினேன். ஜாப் கார்டில் ‘கூலண்ட் லீக், செக் செய்யவும்’ என்று மட்டும்தான் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். மதியம் போன் வந்தது.

“மேடம், ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு. ஹெட்டைக் கழட்டியாச்சு. லேத்துக்கு அனுப்பி ஃபேஸிங் பண்ணணும்.”

“என்னைக் கேக்காம எப்படிக் கழட்டுனீங்க? கேஸ்கெட் போயிருந்தா வெள்ளைப் புகை வரணுமே, ஆயில் பால் மாதிரி ஆகணுமே, ரெண்டும் இல்லையே.”

“அது முத்துனாத்தான் வரும் மேடம். இப்ப உள்ளுக்குள்ள லைட்டா லீக். இப்படியே மூடிக் குடுத்தா வண்டி நடுரோட்டுல நிக்கும், அப்புறம் எங்கள சொல்லக் கூடாது.”

சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக நிற்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுத்தீர்களா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. ஹெட் கழற்றிய வண்டியை வேறு எங்கும் எடுத்துக்கொண்டு போகவும் முடியாது. அனுமதி கேட்காமல் அவ்வளவு வேகமாகக் கழற்றியதற்குக் காரணமே அதுதான் என்று நினைக்கிறேன். கடைசியில் பத்தொன்பதாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் பில் வந்தது. கேஸ்கெட் செட், ஹெட் ஃபேஸிங் (ஹெட்டின் அடிப்பரப்பைச் சமமாகச் சீவுவது), என்ஜின் ஆயில், கூலண்ட், லேபர். கூடவே ‘கூலிங் சிஸ்டம் டிரீட்மென்ட்’ என்று ஒரு வரி, 1,850 ரூபாய். அது என்ன என்று கேட்டேன். ரேடியேட்டரைச் சுத்தம் செய்யும் மருந்து என்றார்கள். பழைய கேஸ்கெட்டை நான் கேட்டுதான் வாங்கினேன். பின்னால் அது எவ்வளவு உதவியது என்று சொல்கிறேன்.

கசிவு நின்றது. தரையில் கறை இல்லை, டேங்கில் அளவு குறையவில்லை. அப்படியே கொஞ்ச நாள் போனது. அப்புறம் அம்மாவை அழைத்துக்கொண்டு திண்டுக்கல் போகும் வழியில், மணப்பாறை தாண்டியதும் முன்பக்கம் கரகரவென்று சத்தம். பின்னாலேயே பெல்ட் வீறிட்டது. பேட்டரி விளக்கு எரிந்தது, டெம்பரேச்சர் முள் கிடுகிடுவென மேலே ஏறியது. உடனே ஓரங்கட்டி என்ஜினை நிறுத்தினேன்.

இந்த இடத்தைக் கவனித்துப் படியுங்கள். எஸ்டீமில் கூலண்ட்டை என்ஜினுக்குள் ஓட வைக்கும் வாட்டர் பம்பையும் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் சுற்றுவது ஒரே பெல்ட். பேட்டரி விளக்கும் சூடும் சேர்ந்து வந்தால் அந்த பெல்ட் அறுந்திருக்கும், அல்லது பம்ப் இறுகிப்போய் பெல்ட் வழுக்கிக்கொண்டிருக்கும். பெட்ரோல் பங்க் வரைக்கும் ஓட்டிவிடலாம் என்று நினைக்கவே கூடாது. அலுமினிய ஹெட் வளைய அந்த ரெண்டு கிலோமீட்டர் போதும். நிறுத்திய கையோடு ரேடியேட்டர் மூடியைத் திறப்பது அதைவிட மோசம். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும். மேல் ஓஸைக் கையால் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறிய பிறகுதான் மூடியில் கை வைக்க வேண்டும்.

வண்டியைக் கட்டி இழுத்து மணப்பாறையில் ஒரு சின்ன ஷெட்டுக்குக் கொண்டுபோனோம். ஐம்பது வயதைத் தாண்டிய மெக்கானிக் ஒருவரும் ஒரு பையனும் மட்டும் இருந்தார்கள். அவர் எதையும் உடனே சொல்லவில்லை. பெல்ட்டைக் கழற்றிவிட்டு பம்ப் புல்லியை விரலால் பிடித்து ஆட்டினார். மேலும் கீழும் ஆடியது, சுற்றினால் கரகரத்தது. “பேரிங் போச்சும்மா” என்றார். ஹெட் வேலை இப்போதுதான் நடந்தது என்று சொன்னேன். போல்ட்டுகளைப் பார்த்துவிட்டு, “கழட்டிருக்காங்க, அது நெசந்தான்” என்றவர் டைமிங் கவரையும் எடுத்துவிட்டு டார்ச் அடித்துக் கூப்பிட்டார்.

“இங்க பாரும்மா. இந்த ஓட்டைய அடைச்சிருக்காங்க.”

பம்பின் அடிப்பக்கம் ஒரு சின்னத் துளை. அதில் எம்-சீல் மாதிரி பசையை வைத்து அப்பியிருந்தார்கள். சுற்றிலும் காய்ந்த பச்சைப் படிவு.

அந்தத் துளையை வீப் ஹோல் என்பார்கள். பம்புக்குள்ளே கூலண்ட்டைத் தள்ளும் இம்பெல்லர் ஒரு பக்கம், பேரிங் மறு பக்கம், நடுவில் ஒரு சீல். சீல் தேய்ந்தால் கூலண்ட் பேரிங் பக்கம் போகாமல் வெளியே வடியட்டும் என்பதற்காகவே வைத்த துளை அது. அங்கே சொட்டுகிறது என்றால் சீல் முடிந்துவிட்டது, பம்பை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். அடைத்தால் சொட்டு நிற்கும். ஆனால் கூலண்ட் நேராகப் பேரிங்கில் இறங்கி கிரீஸைக் கரைத்துவிடும். எனக்கு நடந்தது அதுதான். கசிவது பம்ப் என்று தெரியாமல் ஒருவர் அந்தத் துளையைத் தேடிப்பிடித்து அடைக்க முடியாது. அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் ஹெட்டைக் கழற்றிப் பணம் வாங்கியிருக்கிறார்கள். அம்மா உட்கார்ந்திருந்த வண்டி அது. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

டிக்கியில் கிடந்த பழைய கேஸ்கெட்டையும் அவரிடம் கொடுத்தேன். சிலிண்டர் வளையங்களைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்தார். கேஸ்கெட் போயிருந்தால் வளையத்துக்கும் தண்ணீர்த் துளைக்கும் நடுவே எரிந்த தடம் கறுப்பாகத் தெரியும் என்றார். இதில் அப்படி எதுவும் இல்லை, முழுதாக இருந்தது. அந்த ‘டிரீட்மென்ட்’ என்பது லீக் அடைக்கும் பவுடர் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ரேடியேட்டரைக் காலி செய்தபோது அடியில் சேறு மாதிரி வந்தது. ஓட்டை அடைக்க ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடுகிற பழக்கம் நம் ஊரில் உண்டு, அதுவும் இதே கதைதான். நடுவழியில் வீடு போய்ச் சேர உதவலாம். விட்டுவைத்தால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும், தேய்ந்த பம்ப் சீலுக்கு எதுவும் செய்யாது.

அவர் பம்பை மாற்றிய விதத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பில்லில் ஏமாற்ற இன்னொரு வழி இங்கே இருக்கிறது. இந்த என்ஜினில் கிராங்க், கேம் என்ற இரண்டு தண்டுகளை இணைக்கும் டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால் பம்ப் உட்கார்ந்திருக்கிறது. பம்பை எடுக்க டைமிங் பெல்ட்டைக் கழற்றியே ஆக வேண்டும். எனவே பம்ப் மாற்ற ஒரு லேபர், டைமிங் பெல்ட் மாற்ற இன்னொரு லேபர் என்று யாராவது போட்டால் கேளுங்கள், கழற்றி மாட்டுகிற வேலை ஒன்றுதான். கூலண்ட் பட்ட பெல்ட்டை மறுபடி மாட்டக் கூடாது என்று புது பெல்ட்டும் அதை இறுக்கமாக வைக்கும் டென்ஷனரும் வாங்கி வரச் சொன்னார். பெல்ட் எப்படியும் ஒரு லட்சம் கிலோமீட்டரை நெருங்கியிருந்தது. கழற்றும் முன் கிராங்க், கேம் இரண்டின் குறிகளையும் நேராக்கி வைத்தார். பிளாக்கில் ஒட்டியிருந்த பழைய பம்ப் கேஸ்கெட்டைப் பொறுமையாகச் சுரண்டினார், அலுமினியத்தில் கீறல் விழுந்தால் அங்கேயே மறுபடி கசியுமாம். புது பம்ப் கேஸ்கெட்டோடு வந்தது. பழைய பம்பை எறியாமல் என்னிடமே கொடுத்தார்.

ரேடியேட்டரை நன்றாக அலசிவிட்டு, கூலண்ட்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினார். எங்கள் பக்கத்து போர்த் தண்ணீரில் உப்பு அதிகம், அதை ஊற்றினால் உள்ளே காரை படியும். ஹீட்டரை முழுச் சூட்டில் திருப்பி வைத்து, ரேடியேட்டர் ஃபேன் ஓடும் வரை என்ஜினை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றினார். வண்டி ஆறிய பிறகு அளவை மறுபடி பார்த்தார். பம்ப், பெல்ட், டென்ஷனர், கூலண்ட், கூலி எல்லாம் சேர்த்து ஏழாயிரத்துக்குள் முடிந்தது. சீக்கிரம் நிறுத்தியதால் ஹெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

உங்கள் வண்டியில் கூலண்ட் குறைந்தால், ஒர்க்‌ஷாப் போகும் முன் வீட்டிலேயே கொஞ்சம் பார்த்துக்கொள்ள முடியும். ராத்திரி வண்டிக்கு அடியில் அட்டையை விரித்து வையுங்கள். சில பம்ப் சீல்கள் என்ஜின் ஆறிய பிறகுதான் சொட்டும், ஓடும்போது பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஏசி தண்ணீருக்கு நிறமோ பிசுக்கோ இருக்காது. கூலண்ட்டுக்கு நிறம் உண்டு, விரலில் வழவழக்கும், இனிப்பு வாசனை அடிக்கும். நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம், அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் விஷம். தெரு நாய்களும் பூனைகளும் நக்காதபடி தரையை உடனே கழுவிவிடுங்கள். சொட்டு பெல்ட் பக்கம் விழுந்தால் முதல் சந்தேகம் பம்ப் மேல் இருக்கட்டும்.

ஒர்க்‌ஷாப்பில் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். ஆறிய என்ஜினில் ரேடியேட்டர் மூடிக்குப் பதிலாக ஒரு கைப்பம்பை மாட்டி, மூடியில் அச்சிட்டிருக்கும் அழுத்தம் வரை ஏற்றுவார்கள். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது, எங்கே என்பது வெளியே ஈரமாகத் தெரியும். அதிக நேரம் ஆகாத வேலை. வெளியே எங்கும் ஈரமில்லாமல் முள் மட்டும் இறங்கினால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். அப்போதும் கம்ப்ரெஷன் அளவை எழுதித் தரச் சொல்லுங்கள். ஜாப் கார்டில் ‘என் அனுமதி இல்லாமல் எதையும் கழற்றக் கூடாது’ என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். கழற்றிய பாகங்கள் அனைத்தும் வேண்டும் என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். ஒர்க்‌ஷாப்பிலிருந்து அழைத்து, அடுத்த சர்வீஸ் இலவசம் என்றார்கள். அந்த வாசலில் இனி என் வண்டியை நிறுத்த மாட்டேன், பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்றேன். அதற்குப் பிறகு பேச்சில்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. ஐந்து லட்சம் ரூபாய்க்குள் உள்ள பில்லுக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். பசை ஒட்டிய பம்ப், பழைய கேஸ்கெட், ஜாப் கார்டு, இரண்டு பில்கள், மணப்பாறை மெக்கானிக் எழுதிக் கொடுத்த தாள் எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன். திருச்சியில் வேறு யாருடைய பில்லிலாவது ‘கூலிங் சிஸ்டம் டிரீட்மென்ட்’ என்ற வரி இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முதலில் வாட்டர் பம்பின் அந்தத் துளையை வேறொரு மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள். மனு போட இரண்டு வருடம் வரை அவகாசம் இருக்கிறது.