புதிது என்று சொல்லிப் பழைய மாடுலேஷன் பெடலை விற்கிறார்கள், கவனம்

கிதார் ஒலியை அலையலையாக மாற்றும் கோரஸ், ஃபேஸர், ட்ரெமலோ போன்ற இஃபெக்டுகள் எல்லாம் ஒரே பெட்டியில் வரும், காலால் அழுத்தி இயக்கும் மாடுலேஷன் பெடல் வாங்கப் போகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். இணையத்தில் விற்கும் ஒரு இசைக்கருவிக் கடை, யாரோ வாங்கி வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த பெடலைப் புத்தம் புதியது என்று சொல்லி முழு விலைக்கு என் தலையில் கட்டிவிட்டது. கூட வந்த அடாப்டரும் அந்தப் பெடலுக்கு உரியதே அல்ல.

பெட்டி ஒழுங்காகத்தான் ஒட்டியிருந்தது. பெடலைத் திருப்பிப் பார்த்தபோதுதான் சந்தேகம் வந்தது. அடிப்பக்கத்தில் விரலை வைத்துத் தேய்த்தால் நீளவாக்கில் இரண்டு பட்டைகளாகப் பிசுபிசுப்பு. பெடல்களை வரிசையாகப் பொருத்தும் பலகையான பெடல்போர்டில் வெல்க்ரோ ஒட்டிப் பிய்த்தெடுத்த பசை அது. அதன் மேலேயே ரப்பர் கால்களைப் புதிதாக ஒட்டியிருந்தார்கள். ஒன்று கோணலாக இருந்தது.

சரி, வாசித்துப் பார்ப்போம் என்று ஆன் செய்தேன். கையேட்டில் முதல் பேங்கின், அதாவது முதல் தொகுப்பின், ப்ரீசெட் (முன்கூட்டியே சேமித்த ஒலி அமைப்பு) பட்டியல் அச்சாகியிருக்கிறது. முதலாவது ஒரு சாதாரண கோரஸ். என் பெடலின் திரையில் வந்ததோ 'சாங் 4 இன்ட்ரோ'. டெப்த் முழுவதும் ஏற்றிய ஒரு ட்ரெமலோ. அடுத்தது 'செட் எண்ட்'. மேடையில் வாசிக்கிற யாரோ ஒருவர் தன் பாட்டு வரிசைக்காக உட்கார்ந்து சேமித்து வைத்தவை. தொழிற்சாலை நிலைக்கு ரீசெட் செய்யக்கூட அந்தக் கடை மெனக்கெடவில்லை. அதைச் செய்திருந்தால் எனக்குத் தெரியாமலே போயிருக்கும் என்பதுதான் இதில் பயமே.

அடாப்டர் விஷயம் இதைவிட மோசம். பெடலின் பின்பக்கம் 9 வோல்ட் டிசி, 500 மில்லிஆம்பியர் என்று எழுதியிருக்கிறது. பெட்டிக்குள் இருந்த அடாப்டரில் 200 தான். கோரஸில் மெல்லிசாக ஒரு கீச்சொலி கூடவே வந்தது. சுழலும் ஸ்பீக்கர் போல ஒலிக்கும் ரோட்டரி இஃபெக்டுக்கு மாற்றினால் திரை அணைந்து பெடல் மறுபடி முதலிலிருந்து ஆன் ஆகும். கடையில் கேட்டால், சிங்கிள் காயில் பிக்கப் (கம்பி அதிர்வை மின் சிக்னலாக்கும் ஒற்றைச் சுருள் பாகம்) என்றால் இரைச்சல் இருக்கத்தான் செய்யும், உங்கள் கிதாரைப் பாருங்கள் என்று பதில்.

இந்தப் பதிலை உங்களிடமும் சொல்வார்கள், அதனால் சோதிக்கும் வழியைச் சொல்லிவிடுகிறேன். பிக்கப் இரைச்சல் என்றால் நீங்கள் கிதாரோடு திரும்பி நிற்கும் திசைக்கேற்பக் கூடும், குறையும். கிதாரின் வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்கினால் அடங்கிவிடும். நான் பெடலின் இன்புட்டிலிருந்து கேபிளையே பிடுங்கிவிட்டேன். கீச்சொலி அப்படியே இருந்தது. தேவையான மின்சாரம் தரக்கூடிய வேறொரு அடாப்டரை மாட்டியதும் கீச்சொலியும் போனது, ரோட்டரியும் ஒழுங்காக ஓடியது. கடைக்கு இதை வீடியோவாகவே அனுப்பினேன். அதற்குப் பதிலே இல்லை.

பழைய பெடல் வாங்குகிறவர்கள் அடாப்டரில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பெரும்பாலான பெடல்கள் நடுமுனை நெகட்டிவாக உள்ள 9 வோல்ட் டிசி கேட்கும். ஆனால் லைன் 6 எம்எம்4 போன்ற பழைய மாடுலேஷன் பெடலுக்கு 9 வோல்ட் ஏசி வேண்டும். வோல்ட் ஒன்றுதானே என்று எதையாவது மாட்டிவிடாதீர்கள்.

விளம்பரத்தில் அந்தக் கடை பெரிதாகப் போட்டிருந்தது இஃபெக்டுகளின் எண்ணிக்கையை. அதைப் பார்த்து யாரும் முடிவு செய்யாதீர்கள். கோரஸ், ஃபிளேஞ்சர், வைப்ரேட்டோ மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: சிக்னலின் நகலைச் சில மில்லிசெகண்டு தாமதித்து, அந்தத் தாமதத்தை மெல்லக் கூட்டிக் குறைப்பது. மூல ஒலியோடு கலந்தால் கோரஸ். மூல ஒலியை எடுத்துவிட்டு நகலை மட்டும் கேட்டால் வைப்ரேட்டோ. தாமதத்தை இன்னும் சுருக்கி, வெளிவருவதில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே விட்டால் ஃபிளேஞ்சர். 1976-ல் வந்த பாஸ் சிஇ-1 பெடலில் கோரஸுக்கும் வைப்ரேட்டோவுக்கும் நடுவே மாற்ற ஒரு ஸ்விட்ச் இருந்ததே, அது இதனால்தான். ஆக, ஒரே கோரஸின் வேகத்தையும் ஆழத்தையும் மாற்றி ஐந்து பெயர் வைத்து ஐந்து என்று கணக்குக் காட்ட முடியும். காட்டுகிறார்கள். ஃபேஸர் வேறு வகை, ட்ரெமலோ வெறும் வால்யூம் ஏற்ற இறக்கம். 1974-ல் வந்த எம்எக்ஸ்ஆர் ஃபேஸ் 90-க்கு ஒரே ஒரு குமிழ்தான். இன்றைக்கும் அதை விரும்பி வாசிக்கிறார்கள்.

எண்ணிக்கைக்குப் பதில் நான் பார்க்கச் சொல்வது இவற்றை. இஃபெக்டை ஆன் செய்யும்போது ஒலியளவு இறங்குகிறதா? ட்ரெமலோவில் இது அதிகம் தெரியும். சரிசெய்ய ஒவ்வொரு ப்ரீசெட்டுக்கும் தனி லெவல் இருக்க வேண்டும். காலால் தாளம் தட்டி வேகத்தை அமைக்கும் டேப் டெம்போ இருக்கிறதா? ஒரே நேரத்தில் இரண்டு இஃபெக்ட் ஓடுமா? அப்புறம், ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலுக்கு முன்னால் ஃபேஸரும் பின்னால் கோரஸும் வைக்கிற பழக்கம் உள்ளவர்கள், அந்தப் பெட்டியை இரண்டு இடத்திலும் இணைக்க வழி உண்டா என்று கேளுங்கள். ஸ்ட்ரைமன் மொபியஸில் அந்த வசதி உண்டு, எல்லாவற்றிலும் இருக்காது. கடையின் டெமோ வீடியோவை மட்டும் நம்ப வேண்டாம். ஸ்டீரியோவில் பதிவு செய்து மேலே ரிவெர்ப் (எதிரொலிப்பு) போட்டால் எந்தக் கோரஸும் அழகாகத்தான் கேட்கும். உங்களிடம் இருப்பது ஒரே ஒரு ஆம்ப்ளிஃபயர் என்றால் மோனோவில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

என் விஷயத்துக்கு வருகிறேன். பெடலின் வரிசை எண்ணைத் தயாரிப்பு நிறுவனத்துக்கு அனுப்பிக் கேட்டேன். அந்த எண்ணுக்கு ஏற்கெனவே வேறொருவர் வாரண்டி பதிவு செய்துவிட்டார் என்று பதில் வந்தது. அதைக் கடைக்கு அனுப்பியபோது, பெட்டியைப் பிரித்துவிட்டால் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். பிரிக்காமல் பழையது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். அதன் பிறகு என் அழைப்பை எடுப்பதே இல்லை. பணம் கட்டிய வழியிலேயே முறையீடு கொடுத்திருக்கிறேன். பார்சல் பிரித்த வீடியோ, அடிப்பக்கப் பசையின் படம், திரையில் அந்த ப்ரீசெட் பெயர்கள், நிறுவனத்தின் பதில் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். இன்னும் முடிவு வரவில்லை.

அதே மாடலை அதே கடை இப்போதும் 'புதியது' என்றுதான் பட்டியலில் வைத்திருக்கிறது. எந்தக் கடையாக இருந்தாலும், பணம் கட்டும் முன் வரிசை எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தர மறுத்தால் அங்கே வாங்காதீர்கள். வாங்கியவர்கள் வாசிக்க உட்காரும் முன் பெடலைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள், ப்ரீசெட்டுகளைக் கையேட்டோடு ஒப்பிடுங்கள், ரீசெட் செய்வதற்கு முன் திரையைப் படம் எடுத்து வையுங்கள்.