திருவனந்தபுரம் டூர்னு ஜிபேயில் முழுப் பணம் கேட்டா கட்டாதீங்க

குமரி மாவட்டத்தில் தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் "நவராத்திரி தலைநகர் டூர், பெண்களுக்கு மட்டும்" என்று ஒரு விளம்பரம் ஓடுது. ஓணத்துக்கு எங்களை ஏமாத்தின அதே ஆள், அதே நம்பர். இன்னொரு கூட்டம் பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிரணும்.

ஓணம் நமக்கு அந்நியப் பண்டிகை இல்லை. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த மண் இது. இன்னைக்கும் திருவோணத்துக்கு மாவட்டம் முழுக்க உள்ளூர் விடுமுறை. கேரளத் தலைநகர் திருவனந்தபுரத்தில் ஓணம் வாரவிழா பார்க்கணும்னு கூடப் படிச்ச தோழிகளுக்கு ரொம்ப நாள் ஆசை. ஆளுக்கு 2,800 ரூபாய்: வேன், ஓண சத்யா (வாழையிலை விருந்து), ரயில்வே ஸ்டேஷன் பக்கம் தம்பானூரில் ரூம், பத்மநாபசாமி கோயிலில் தனி தரிசனம், நிறைவுநாள் ஊர்வலம் பார்க்க "ரிசர்வ் சீட்". ரசீது கேட்டோம். "நம்ம ஊருக்காரங்களுக்குள்ள எதுக்குக்கா ரசீது" என்றார்.

கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளையில் வேனை நிறுத்தி, பெர்மிட்டுக்குத் தனியா பணம் வேணும்னு டிரைவர் அண்ணன் கேட்டார். பெர்மிட் நிஜந்தான், ஆனா பேசின தொகையில் அது அடக்கம்னு சொல்லித்தான் டூர்காரர் வாங்கியிருந்தார். கோயில் வாசலில் தனி தரிசனத்துக்கு வர வேண்டிய ஆள் வரவே இல்லை. சுரிதாரோட விட மாட்டாங்க, மேல முண்டு (வேட்டி) சுத்தணும், போனை வெளியே கொடுத்துட்டுப் போகணும்னுகூட டூர்காரர் சொல்லலை. முண்டு வாங்கிச் சுத்திக்கிட்டுப் பொது வரிசையில் நின்னு கும்பிட்டோம். அதுக்குக் காசே வேண்டாம். சத்யா கூப்பனைப் பார்த்த ஓட்டல்காரர், இது எங்க கூப்பனே இல்லைன்னு திருப்பிக் கொடுத்துட்டார்.

எனக்கு ஆறவே இல்லாதது அந்த சீட் விஷயந்தான். வெள்ளயம்பலத்திலிருந்து பாளையம், ஸ்டாச்யூ வழியா கிழக்கேகோட்டை வரை போற ஊர்வலம் அது. செண்டைமேளம், தெய்யம், அரசுத் துறைகளோட அலங்கார வண்டிகள். சனம் ரோட்டோரம் சும்மா நின்னு பார்க்குது. நாங்க சீட்டைக் காட்டினப்போ, அங்க நின்ன பெண் போலீஸ், இப்படி ஒரு சீட்டு யாரும் விற்கிறதே இல்லைன்னு சொன்னாங்க. காசில்லாம கிடைக்கிற சந்தோஷத்தை நம்மகிட்டயே விற்கிறான்! முட்டுவலிக்காரத் தோழி ஒருத்தி அந்தச் சீட்டை நம்பித்தான் வந்தா. பாதி ஊர்வலத்துக்கு மேல அவளால் நிற்க முடியலை.

ராத்திரி கூட்டிட்டுப் போனது தம்பானூருக்கு இல்லை, பாலராமபுரம் பக்கம் பாதி கட்டின ஒரு ஹாலுக்கு. குளியலறைக் கதவுக்குக் கொண்டி இல்லை, கீழே தெரியாத ஆம்பளைங்க. போன் பண்ணினா எடுக்கலை. ஆட்டோ பிடிச்சு ரயில்வே ஸ்டேஷனுக்குத் திரும்பி, வெயிட்டிங் ஹாலில் இருந்து, காலை ரயிலில் குழித்துறை வந்து இறங்கினோம். பெண்களுக்கு மட்டும்னு போட்டு இப்படி ஒரு இடத்தில் விடுறவனை மன்னிக்க எனக்கு மனசு வரலை.

இப்போ வந்திருக்கிற பட்டியலிலும் சந்தேகம் இருக்கு. திங்கட்கிழமை மிருகக்காட்சி சாலைன்னு போட்டிருக்கார். திங்கட்கிழமைதான் அங்கே வார விடுமுறை. நவராத்திரிக்குத் திருவனந்தபுரம் போற சாமி ஊர்வலம் பார்க்க "பாஸ்" தர்றாராம். பத்மநாபபுரம் சரஸ்வதியும், வேளிமலை குமாரசாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் நம்ம வீட்டு வாசல் வழியாத்தான் அங்கே போறாங்க. அதைப் பார்க்க எதுக்கு பாஸ்? நாகர்கோவில் வடசேரியிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் தம்பானூருக்கு அரசு பஸ் இருக்கு. நாகர்கோவிலில் ரயில் ஏறினா சுமார் 70 கிலோமீட்டர்தான். ரூம் வேணும்னா லாட்ஜ்காரரிடமே நேரா போனில் பேசிருங்க.

ஏற்கெனவே பணம் போட்டிருந்தா தாமதிக்காம சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்க. நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரைக்குமான புகாருக்குக் கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள்ள கொடுக்கணும். நாங்க நாகர்கோவிலில் மனு கொடுக்கிறோம். இதே ஆளிடம் ஏமாந்தவங்க பணம் போட்ட ஸ்கிரீன்ஷாட்டையும் வாய்ஸ் மெசேஜையும் அழிக்காம வச்சு எங்களோட சேர்ந்துக்குங்க.