குகை டிக்கெட் கையில் இருக்கிறது என்று சொல்லி விற்கும் தோர்தோஞ் டூர்: பணம் கட்டும் முன் படியுங்கள்

பிரான்ஸின் தென்மேற்கே தோர்தோஞ் பக்கம் குகை ஓவியம் பார்க்கவும் காட்டுப்பாதையில் நடக்கவும் திட்டம் போடுகிறவர்கள், அதுவும் வயதான பெற்றோரையோ குழந்தைகளையோ கூட்டிக்கொண்டு போகிறவர்கள், எந்த டூர்காரருக்கும் முன்பணம் அனுப்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எங்களை ஏமாற்றிய நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறோம், அது நடக்கட்டும். ஆனால் அவர்கள் செய்த விதம் தெரிந்தால் வேறு யார் செய்தாலும் உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

முதலில் அங்கே எதற்கு இவ்வளவு கிராக்கி என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏமாற்றே அதில்தான் இருக்கிறது. ஆதிமனிதர்கள் ஓவியம் தீட்டிய, எல்லோருக்கும் தெரிந்த லாஸ்கோ குகை 1940-இல் கண்டுபிடிக்கப்பட்டு 1948-இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. வந்த கூட்டத்தின் மூச்சுக்காற்றும் ஈரமும் வெளிச்சமும் சேர்ந்து சுவரில் பச்சைப் பாசி படர ஆரம்பித்ததால் 1963-இல் மூடிவிட்டார்கள். அதற்கப்புறம் பொதுமக்களுக்குத் திறக்கவே இல்லை. 1983-இல் திறந்த லாஸ்கோ 2, 2016-இல் மோன்தின்யாக் ஊரில் திறந்த லாஸ்கோ 4 இரண்டுமே நகல்கள். நல்ல நகல்கள்தான், அதைச் செய்த கலைஞர்களின் உழைப்பை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் பல வண்ணத்தில் தீட்டிய அசல் ஓவியத்தை, அதைத் தீட்டிய அதே பாறையில் பார்க்க வேண்டும் என்றால், பிரான்ஸில் இன்னும் திறந்திருப்பது லெஸெய்ஸி ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஃபோன் த கோம் குகை. 1901-இல் தெனி பெய்ரோனி என்ற உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் கண்டறிந்தது. லாஸ்கோவுக்கு நேர்ந்தது இதற்கும் நேரக்கூடாது என்பதற்காகச் சின்னச் சின்னக் குழுவாக, குகையின் வழிகாட்டியோடு மட்டும்தான் விடுகிறார்கள், ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கும் உண்டு. அதனால் டிக்கெட் சுலபத்தில் கிடைக்காது. கிடைக்காத பொருளை ‘எங்களிடம் இருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால் நாம் என்ன விலையும் கொடுப்போம் என்று அவர்களுக்குத் தெரியும்.

அப்பா அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சித்தன்னவாசலுக்கு மாணவர்களைப் பஸ்ஸில் கூட்டிப்போய், கூரையில் தீட்டிய தாமரைக் குள ஓவியத்துக்குக் கீழே தலையை அண்ணாந்தபடி நிற்கவைத்துப் பாடம் நடத்தியவர். ஃபோன் த கோமில் பாறையின் இயற்கையான புடைப்பையே காட்டெருமையின் தோளாகவும் வயிறாகவும் பயன்படுத்தி வரைந்திருக்கிறார்கள் என்பதை எப்போதோ புத்தகத்தில் படித்து, அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார். தம்பி தூலூஸில் வேலை பார்க்கிறான். அவனைப் பார்க்க நாங்கள் எல்லோரும் அக்டோபரில் போனபோது, அப்பாவுக்கு இதைக் காட்டாமல் திரும்பக்கூடாது என்று அவனும் நானும் முடிவு செய்தோம்.

இந்த டூர்காரர் ஆங்கிலத்தில் மரியாதையாகப் பேசினார். வேன், ஒரு இரவு தங்கல், ஃபோன் த கோம் நுழைவு, மறுநாள் காலை ‘உள்ளூர் வழிகாட்டியுடன் முதியோருக்கும் ஏற்ற காட்டுப்பாதை நடை’, அப்புறம் தோம் கோட்டை ஊர். பெரியவர்களுக்கு ஆளுக்கு 260 யூரோ, குழந்தைகளுக்குப் பாதி. அந்தப் பாதியில் குகை நுழைவுக் கட்டணமும் அடக்கம் என்று பில்லில் தனியாகவே போட்டிருந்தார்கள். பணம் அனுப்புவதற்கு முன்பு நான் மெசேஜில் நேராகவே கேட்டேன்: அசல் குகைக்குள் போகிற டிக்கெட்டா, நாள் உறுதியாகிவிட்டதா என்று. ‘ஆமாம் மேடம், உங்கள் பெயரில் பதிவாகிவிட்டது’ என்று பதில் வந்தது. அந்த மெசேஜ் இப்போதும் என்னிடம் இருக்கிறது. கூடவே ஒரு தாளும் அனுப்பினார்கள்: குகையின் படம், தேதி, நேரம், எங்கள் பெயர்கள், கீழே அவர்களுடைய சின்னம். பதிவு எண் என்று எதுவும் அதில் இல்லை. பார்க்க அவ்வளவு அழகாக இருந்த தாள்.

லெஸெய்ஸியில் சாலை ஓரமாகவே குகையின் டிக்கெட் அலுவலகம் இருக்கிறது, அங்கிருந்து மரங்களுக்கு நடுவே மேட்டில் ஏறிப்போனால்தான் குகை வாசல். வேனை நிறுத்திவிட்டு டிரைவர் இறங்கவே இல்லை, போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். தம்பிதான் தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். கவுண்டரில் இருந்த அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கம்ப்யூட்டரில் எங்கள் ஒவ்வொருவர் பெயரையும் அடித்துப் பார்த்தார், அப்புறம் நிறுவனத்தின் பெயரையும் அடித்துப் பார்த்தார். எதுவும் இல்லை. அந்த நாளைக்கான இடமெல்லாம் முன்பே தீர்ந்துவிட்டது. இது எங்கள் தாள் இல்லை என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு, பில்லைப் பார்த்து இன்னொன்றும் சொன்னார்: இங்கே 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணமே கிடையாது, குழந்தைகளுக்கு எதற்குப் பணம் வாங்கினார்கள்? பெரியவர்களுக்கான டிக்கெட்டே 20 யூரோகூட ஆகாது. கையில் இல்லாத டிக்கெட்டை விற்றதோடு, இலவசமாகப் போகிற குழந்தைகளுக்கும் காசு வாங்கியிருக்கிறார்கள்!

வெளியே வந்து கேட்டால் டிரைவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. ‘இன்று குகையில் பராமரிப்பு வேலை, அதனால்தான், பரவாயில்லை, இன்னும் பெரிய இடத்துக்குக் கூட்டிப்போகிறேன்’ என்றார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சின்னக் குழு வழிகாட்டியோடு மேட்டில் ஏறிப் போனது. ‘அக்கா, இவன் பொய் சொல்றான்’ என்று தம்பி தமிழில் சொன்னதும் அப்பா, ‘விடுப்பா, பிள்ளைங்க முன்னாடி சண்டை வேண்டாம்’ என்றார். எனக்கு அந்த நிமிடம் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஊர் பேர் தெரியாத இடம், எங்கள் பெட்டியெல்லாம் அவர் வேனில், இரவு தங்கும் இடமும் அவர்கள் போட்டது. அந்த நிலைமையில் யாரும் பெரிதாக எதிர்த்துப் பேச முடியாது.

கூட்டிப்போன ‘பெரிய இடம்’ லாஸ்கோ 4. வழியெல்லாம் அதை ‘லாஸ்கோ குகை’ என்றே டிரைவர் சொல்லிக்கொண்டு வந்தார். நகல் என்ற பேச்சே அவர் வாயிலிருந்து வரவில்லை. அங்கே நுழைவுக்கு நாங்கள் கையிலிருந்து கட்டினோம், ‘பிறகு கழித்துக்கொள்ளலாம்’ என்றார்கள், இன்றுவரை கழிக்கவில்லை. அந்த மையத்தில் வேலை செய்பவர்கள் நகல் என்பதை மறைக்கவே இல்லை, எப்படிச் செய்தார்கள் என்பதையும் பொறுமையாக விளக்கினார்கள். அப்பா எல்லாவற்றையும் கவனமாகப் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார். ஆனால் அவர் இத்தனை வருடமாகப் பேசியது அந்தப் பாறையைப் பற்றி. அது அங்கிருந்து அரைமணி நேர தூரத்தில் இருந்தும் பார்க்கவில்லை.

மறுநாள் நடந்தது இன்னும் மோசம், பணத்தைவிட உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். தோர்தோஞ் ஆற்றங்கரையில் செனாக் என்ற ஊர், அதற்கு மேலே குன்றின் உச்சியில் தோம். 1281-இல் மூன்றாம் ஃபிலிப் மன்னர் உண்டாக்கிய மதில் ஊர், 1307-க்குப் பிறகு டெம்ப்ளர் என்ற கிறிஸ்தவத் துறவிப் படையின் வீரர்களை அதன் கோட்டை வாயிலில் சிறைவைத்தபோது அவர்கள் சுவரில் செதுக்கிய உருவங்கள் இன்னும் இருக்கின்றன. டிரைவர் எங்களைக் கீழே காட்டோரம் இறக்கிவிட்டு, ‘வெள்ளை, சிவப்புக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே ஏறுங்கள், நான் மேலே காத்திருக்கிறேன்’ என்று கிளம்பத் தயாரானார். உள்ளூர் வழிகாட்டி எங்கே என்று கேட்டால், கோடுதான் வழிகாட்டி என்கிற மாதிரி பதில். பிரான்ஸில் நெடும்பாதைகளுக்கு வெள்ளையும் சிவப்புமாக இரண்டு கோடு, சின்ன உலாப் பாதைகளுக்கு மஞ்சள் கோடு, பெருக்கல் குறி போட்டிருந்தால் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று அர்த்தம், இதெல்லாம் தம்பிக்குத் தெரியும். கூட்டிப்போகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய இன்னொன்று பாதையின் வாயிலேயே நின்றது: ‘ஷாஸ் ஆன் கூர்’ என்று எழுதிய பலகை. வேட்டை நடக்கிறது என்று அர்த்தம்.

செப்டம்பரிலிருந்து பிப்ரவரி கடைசி வரை அந்தப் பகுதியில் வேட்டைக் காலம். காட்டுப்பன்றியையும் மானையும் கூட்டமாகச் சேர்ந்து துப்பாக்கியோடு விரட்டுவார்கள். வேட்டைக்காரர்கள் பளீரென்ற ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்டிருப்பார்கள். அப்பா போட்டிருந்தது பழுப்பு நிற ஸ்வெட்டர். டிரைவரைக் கூப்பிட்டுப் பலகையைக் காட்டினோம். ‘அது சும்மா, எப்போதும் இருக்கும்’ என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவிட்டார். தம்பி ஒரு அடிகூட உள்ளே வைக்க விடவில்லை. சற்று நேரத்தில் மேலே காட்டுக்குள் வெடிச்சத்தம் கேட்டது, நாய்கள் குரைப்பதும் கேட்டது. டிரைவருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. குழந்தைகளையும் அப்பாவையும் வைத்துக்கொண்டு ஆற்றங்கரையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தோம். அவர் திரும்பி வந்து, நேரம் போய்விட்டது என்று தோம் ஊரை ஒரு சுற்று சுற்றிக் காட்டி, கோட்டை வாயிலை வெளியிலிருந்து போட்டோ எடுக்கச் சொல்லி, தூலூஸுக்குக் கிளம்பிவிட்டார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு முதலில் பதிலே இல்லை. அப்புறம், குகை மூடியது எங்கள் கையில் இல்லை, நடை வழிகாட்டிக்கு உடம்பு சரியில்லை, அடுத்த டூரில் தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். மூன்றாவது மெயிலுக்கு ‘மோசமாக விமர்சனம் எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வரும்’ என்று மிரட்டல். அதற்கப்புறம்தான் தம்பி தோண்டிப் பார்த்தான். பிரான்ஸில் போக்குவரத்து, தங்கல், நுழைவு என்று சேர்த்துப் பேக்கேஜாக விற்கிறவர்கள் அத்து பிரான்ஸ் என்ற அரசு சார்ந்த அமைப்பில் பதிவு செய்திருக்க வேண்டும், வாடிக்கையாளர் பணத்துக்கு உத்தரவாதமும் காப்பீடும் காட்டியிருக்க வேண்டும். பதிவு எண் ‘ஐ.எம்.’ என்ற எழுத்துகளில் ஆரம்பிக்கும், யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகத் தேடலாம். இவர்களுடைய பில்லில் போட்டிருந்த எண்ணைத் தேடினால் ஒன்றுமே வரவில்லை. கடைசியில் வங்கியில் கார்டு பணத்துக்கு ஆட்சேபம் போட்டோம், பிரான்ஸ் அரசின் நுகர்வோர் புகார்த் தளமான சிக்னல்கோன்சோவிலும் பதிவு செய்தோம். கவுண்டரில் எங்கள் பெயர் இல்லை என்பதை அந்த அம்மா ஒரு துண்டுத் தாளில் எழுதித் தேதியோடு கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார், அதைத்தான் வங்கி முதலில் கேட்டது. இப்படி ஏதாவது நேர்ந்தால் இடத்தை விட்டு நகர்வதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், பின்னால் யாரும் தரமாட்டார்கள்.

அதனால் யாராவது ஃபோன் த கோம் டிக்கெட் இருக்கிறது என்றால், குகை நிர்வாகமே கொடுத்த பதிவு எண்ணைக் கேளுங்கள், அதை வைத்து நீங்களே நேரடியாக விசாரித்துவிட்டுப் பணம் கொடுங்கள். டூர்காரரின் சின்னம் போட்ட தாள் டிக்கெட் ஆகாது. அசல் லாஸ்கோவுக்குள் கூட்டிப்போகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவரோடு மேற்கொண்டு பேசவே வேண்டாம். வழிகாட்டியோடு நடை என்றால் அவருடைய தொழில் அட்டையைக் கேளுங்கள். பிரான்ஸில் காசு வாங்கிக்கொண்டு நடைக்கு அழைத்துப் போகிறவருக்கு அது கட்டாயம், கேட்டால் கோபித்துக்கொள்கிறவர் வேண்டாம். இலையுதிர்காலத்தில் நீங்களாக நடப்பதென்றால் முதல் நாளே ‘மேரி’ என்று சொல்லப்படும் ஊர் நிர்வாக அலுவலகத்திலோ சுற்றுலா அலுவலகத்திலோ எங்கே வேட்டை என்று கேட்டுக்கொள்ளுங்கள், பளிச்சென்ற நிறத்தில் உடுத்துங்கள். அவசரத்துக்கு 112.

உண்மையில் இந்தக் குகைக்கு டூரே தேவையில்லை. லெஸெய்ஸிக்கு ரயில் நிலையம் இருக்கிறது, பெரிகோ நகரத்துக்கும் அஜான் நகரத்துக்கும் நடுவில் ஓடும் வண்டி அங்கே நிற்கும், நிலையத்திலிருந்து ஊருக்குள் நடந்து, தேசிய வரலாற்றுக்கு முந்தைய கால அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு, அப்படியே குகை வரை நடந்தே போய்விடலாம். குகை டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு அந்த நாளுக்கு ஏற்றபடி மற்றதைத் திட்டமிடுங்கள். அது கிடைக்காவிட்டால் ரூஃபின்யாக் குகை இருக்கிறது, அங்கே சின்ன மின்சார ரயிலில் உட்கார்ந்தபடியே மம்மூத் என்ற பழங்கால யானைகளின் அசல் ஓவியங்களைப் பார்க்கலாம், முட்டி வலி உள்ளவர்களுக்கு அதுதான் வசதி, ஆனால் அங்கே போகக் கார் வேண்டும், குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். ரயிலில் போகிறவர்கள் திரும்பும் வண்டியின் நேரத்தைப் போகும்போதே குறித்துக்கொள்ளுங்கள், ஒரு நாளைக்கு ஓடுவதே சில வண்டிகள்தான், அந்த ஊரில் டாக்ஸி நினைத்தவுடன் கிடைக்காது.