டப்ளினிலிருந்து ஆர்ச்வேக்கு: லண்டன் பேருந்துகளோடு ஏழு ஆண்டுகள்

டப்ளினில் பன்னிரண்டு ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்து, இடையில் அயர்லாந்துக் குடியுரிமையும் பெற்று, 2018-ஆம் ஆண்டின் இறுதியில் வடக்கு லண்டனின் ஆர்ச்வே பகுதிக்குக் குடிவந்தேன். பிறந்தது திருச்சி என்றாலும், காகிதத்தின்படி நான் அயர்லாந்திலிருந்து புலம்பெயர்ந்தவள். இரு நாடுகளுக்கும் இடையே நெடுங்காலமாக நடைமுறையில் இருக்கும் பொதுப் பயணப் பகுதி ஏற்பாட்டினால், அயர்லாந்துக் குடிமக்கள் விசா இல்லாமல் இங்கே வந்து வேலை செய்யலாம், நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். ஒரு கடவுச்சீட்டின் வசதியை நான் முழுமையாக அனுபவித்தது அந்த நாட்டை விட்டுக் கிளம்பிய பிறகுதான் என்பதை நினைத்தால் எனக்கே சற்றுச் சிரிப்பு வரும். லண்டனில் சொந்தமாக வண்டி வைத்துக்கொள்ளாமல் பேருந்தையும் ரயிலையும் மட்டுமே நம்பி வாழ முடியுமா என்று டப்ளினிலும் லண்டனின் டூட்டிங்கிலும் உள்ள தோழிகள் அடிக்கடி கேட்பதால், இந்த ஏழு ஆண்டு அனுபவத்தை எழுதி வைக்கிறேன்.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் டப்ளினிலிருந்து கப்பலேறி வேல்ஸின் ஹோலிஹெட் துறைமுகத்தில் இறங்கியவர்களை ரயில் கொண்டுவந்து சேர்த்த இடம் லண்டனின் யூஸ்டன் நிலையம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கும் தொலைவில் வாடகை அறை தேடியவர்கள் கேம்டன் டவுனில் தங்கினார்கள். கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் கில்பர்ன், கிரிக்கிள்வுட், ஆர்ச்வே என்று வடக்கிலும் மேற்கிலும் பரவினார்கள். 1948-இல் தேசிய சுகாதார சேவை தொடங்கிய பிறகு அயர்லாந்திலிருந்து செவிலியர் பயிற்சிக்கென்றே ஏராளமான இளம்பெண்கள் வந்தார்கள். ஆர்ச்வேயின் மேட்டில் இருக்கும் விட்டிங்டன் மருத்துவமனையையும், ஹாலோவே சாலையில் ஒரு காலத்தில் இருந்த கிரெஷம் நடன அரங்கையும் பற்றிப் பேசாத முதிய அயர்லாந்துக்காரர் இப்பகுதியில் அரிது. அங்கிருந்து ஆர்ச்வே சாலையில் சற்று மேலே ஏறினால் 1986-இல் எழுந்த ஹைகேட் மலை முருகன் கோயில். மலையும் முருகனும் செவிலியர்களும் ஒரே பேருந்து நிறுத்தத்தில் கிடைத்ததால், வேறு இடம் பார்க்க எனக்குக் காரணம் இருக்கவில்லை.

டப்ளின் பேருந்தில் ஏறும் முறைக்குப் பழகியவர்களுக்கு லண்டன் முதலில் ஊமைப்படம் போலத் தோன்றும். நான் 2006-இல் டப்ளினின் புறநகரான டாலாவில் குடியிருந்தபோது 77ஏ பேருந்தில் ஏறினால் ஓட்டுநரிடம் எங்கே இறங்கப்போகிறேன் என்று சொல்லி, அதற்கேற்ற சில்லறையை எண்ணிப் போட வேண்டும். கூடுதலாகப் போட்டால் மீதி கையில் வராது. மீதித் தொகைக்கு ஒரு சீட்டு வரும், அதை நகர நடுவில் இருந்த தலைமை அலுவலகத்தில் கொடுத்துத்தான் பணமாக்க வேண்டும். அப்படிச் சேர்ந்த சீட்டுகள் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய என்னிடம் இருந்தன, ஒன்றைக்கூட மாற்றியதில்லை. 2011 டிசம்பரில் லீப் கார்டு என்ற பயண அட்டை வந்த பிறகும், அதிகபட்சக் கட்டணத்தைவிடக் குறைவாகக் கட்ட வேண்டுமானால் ஓட்டுநரிடம் இடத்தைச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. உச்சரிப்பு பிசகினால் அவர் திரும்பக் கேட்பார், பின்னால் நிற்பவர் திருத்துவார். என் ஆங்கிலத்துக்கு டப்ளின் காது பழகியதும், டப்ளின் ஆங்கிலத்துக்கு என் காது பழகியதும் பெரும்பாலும் அந்தப் படிக்கட்டில்தான்.

லண்டன் பேருந்துகள் 2014 ஜூலை முதல் ரொக்கத்தை வாங்குவதில்லை. ஆய்ஸ்டர் என்ற பயண அட்டையையோ வங்கி அட்டையையோ கைப்பேசியையோ மஞ்சள் வட்டத்தில் வைத்தால் ஓர் ஒலி, அவ்வளவுதான். எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம் என்பதால் யாரும் எதையும் கேட்பதில்லை. அந்தக் கட்டணம் 2023-இல் 1.75 பவுண்டு ஆனது. முதல் முறை அட்டையைத் தொட்டதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து மாறி ஏறினாலும் மேலும் காசு எடுக்காது. 2016-இல் ஒரு மாற்றத்துக்கு மட்டும் இருந்த இந்தச் சலுகை, 2018 முதல் எத்தனை மாற்றத்துக்கும் பொருந்தும் என்று ஆனது. நாள் முழுக்கப் பேருந்திலேயே சுற்றினாலும் மூன்று பயணக் கட்டணத்துக்கு மேல் போகாது. மாதக் கணக்குப் பார்த்து வாழும் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை வாடகை கட்டுகிறவர்கள் அறிவார்கள்.

இதில் நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் எட்டு மாதமும் காலையில் வங்கி அட்டையையும் மாலையில் கைப்பேசியையும் மாற்றி மாற்றித் தொட்டுக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒரே கணக்கில்தான் கழிகின்றன என்றாலும், இயந்திரத்துக்கு அவை இருவேறு பயணிகள். ஒரு மணி நேரச் சலுகையும் நாளின் உச்சவரம்பும் எனக்குக் கிடைக்காமலே போயின. எட்டு மாதம் கழித்து வங்கிக் கணக்கை உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. எதைத் தொடத் தொடங்குகிறீர்களோ அதையே நாள் முழுவதும் தொடுங்கள்.

எனக்குப் பிடித்த தடம் 210. ஃபின்ஸ்பரி பார்க்கிலிருந்து பிரென்ட் கிராஸ் வரை செல்லும் ஒற்றைத்தள வண்டி. ஆர்ச்வேயைத் தாண்டியதும் அது ஹைகேட் மலையில் மூச்சிரைக்க ஏறத் தொடங்கும். ஐரோப்பாவிலேயே முதன்முதலாக 1884-இல் கம்பிவடத்தால் இழுக்கப்பட்ட டிராம் ஓடிய மேடு இது. ஏறும்போது இருக்கையில் முதுகு அழுந்துவதை வைத்தே அதன் காரணத்தை ஊகிக்கலாம். இடப்புறம் பழங்கதையில் வரும் விட்டிங்டனின் பூனை அமர்ந்திருக்கும் கல்லும், அதற்கு மேலே புனித ஜோசப் தேவாலயத்தின் பச்சை பூத்த செப்புக் குவிமாடமும் வரும். ஞாயிறு காலையில் அங்கே இறங்குபவர்களில் பாதிப்பேரின் பேச்சில் இன்னும் அயர்லாந்தின் மேயோ, கெர்ரி மாவட்டங்களின் வாடை வீசும். ஊரைத் தாண்டிக் கென்வுட் தோப்பின் ஓரமாகப் போனபின், ஸ்பேனியர்ட்ஸ் விடுதிக்கும் எதிரே உள்ள பழைய சுங்கச்சாவடிக்கும் நடுவே சாலை ஒரு வண்டி அகலத்துக்குச் சுருங்கிவிடும். அங்கே எதிரே வரும் வண்டி கடக்கும்வரை எங்கள் ஓட்டுநர் நிறுத்திக் காத்திருப்பார். எதிரே வருபவர் கையைச் சற்று உயர்த்துவார், இவரும் உயர்த்துவார். பிறகு இரு பக்கச் சுவர்களும் கண்ணாடியை உரசுவது போல வண்டி நுழையும். நகரத்தில் இத்தனை பேர் இத்தனை அவசரத்தில் இருக்கும்போது அந்த அரை நிமிடக் காத்திருப்பில் ஒருவரும் முணுமுணுத்து நான் பார்த்ததில்லை. கோல்டர்ஸ் கிரீனில் இறங்கி 83 பிடித்தால், அதே கட்டணத்துக்குள் வெம்பிளியின் ஈலிங் சாலைக்குப் போய் முருங்கைக்காயும் இடியாப்ப மாவும் வாங்கிக்கொள்ளலாம்.

இந்தத் தடத்தில்தான் மேயோவிலிருந்து பதினெட்டு வயதில் வந்த ஒரு முதிய பெண்மணி எனக்குப் பழக்கமானார். முதியோருக்கான இலவசப் பயண அட்டை வார நாட்களில் காலை ஒன்பது மணிக்கு மேல்தான் செல்லும். எட்டு ஐம்பத்தெட்டுக்கு வண்டி வந்தால் அவர் அதைப் பெருந்தன்மையாக அனுப்பிவிட்டு அடுத்ததற்கு நிற்பார். இரவுப் பணி முடித்துத் திரும்பும் நானும் நிற்பேன். ஒரு நாள், "நீ எந்த ஊர் அம்மா?" என்று கேட்டார். "டப்ளின்," என்றேன். வேறு யாராவது என்றால், உண்மையில் எந்த ஊர் என்பது அடுத்த கேள்வியாக வரும். இவரோ, "டப்ளினில் எந்தப் பக்கம்?" என்றார். டாலா என்றதும், அவர் மேயோக்காரர் ஆயிற்றே, தலைநகரத்து மக்களின் மேட்டிமையைப் பற்றி நீண்ட குறை ஒன்றை என் தலையில் இறக்கினார். டப்ளின்காரி என்று ஒருவர் என்னை முழுமனதோடு திட்டியது அதுவே முதல்முறை. அன்று வீடு திரும்பும்வரை எனக்குள் ஒரு மகிழ்ச்சி.

அவர் இளமையில் லண்டன் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். கிப்சன் என்ற பயணச்சீட்டு இயந்திரத்தைத் தோளில் மாட்டி, மாடிக்கும் கீழுக்குமாக ஏறி இறங்கி, ஒவ்வொருவரிடமும் எங்கே போகிறீர்கள் என்று கேட்டுக் கைப்பிடியைச் சுற்றிச் சீட்டு எடுத்துக் கொடுத்த காலத்தை விவரிக்கும்போது, அவருடைய வலக்கை தானாகவே காற்றில் சுற்றும். அப்போதெல்லாம் இந்த ஊரும் வாய்விட்டுக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நடத்துநர்களோடு ஓடிய பழைய ரூட்மாஸ்டர் வண்டிகள் வழக்கமான தடங்களிலிருந்து 2005 டிசம்பரில் விடைபெற்றன.

ரயிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நார்தர்ன் வழித்தடம் விரைவானது. கோடையில் வெக்கையும், சுரங்கத்துக்குள் காதைக் கிழிக்கும் இரைச்சலும் அதற்கு நாம் தரும் விலை. எனக்கு உண்மையில் பயன்படுவது பக்கத்திலுள்ள அப்பர் ஹாலோவே நிலையம். நான் வந்த புதிதில் அங்கே இரண்டே பெட்டிகள் கொண்ட டீசல் ரயில் வரும். மூச்சுவிட இடம் இருக்காது. 2019-இல் நான்கு பெட்டி மின்ரயில் வந்தது. 2024-இல் இந்த வழித்தடத்துக்குச் சஃப்ரஜெட் என்று பெயர் சூட்டினார்கள். நடு லண்டனைத் தொடாமலேயே சுற்றிப் போவதால் கட்டணம் குறைவு. உட்கிரேஞ்ச் பார்க்கில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் ஈஸ்ட் ஹாம் தமிழ்க் கடைகள். பொங்கலுக்கு முந்தின நாள் அந்த ரயிலில் கரும்போடு ஏறினால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். டப்ளினாக இருந்திருந்தால் அதை வைத்தே நான்கு பேர் பேச்சைத் தொடங்கியிருப்பார்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. பதினைந்து நிமிடம் ஒன்றும் வராமல் பிறகு இரண்டு வண்டிகள் ஒட்டிக்கொண்டு வருவது இங்கும் உண்டு. அதைவிட எரிச்சல், நடுவழியில் "இந்தப் பேருந்து இங்கேயே முடிகிறது" என்ற பதிவுசெய்த குரல். மழையில் எல்லோரும் முனகியபடி இறங்குவோம். கிட்டத்தட்ட அந்த நேரத்தில் மட்டும்தான் லண்டன் பயணிகள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்கிறார்கள் என்பதால், எனக்கு அந்தக் குரல் மீது முழுக் கோபமும் வருவதில்லை.

சமூகம் என்பது இங்கே தானாக அமைவதில்லை, வண்டியேறிப் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை 43 அல்லது 134 பிடித்து முருகன் கோயிலுக்குப் போனால், அங்கே யாழ்ப்பாணத் தமிழில் என்னை "தங்கச்சி" என்று கூப்பிடும் அக்காமார் இருக்கிறார்கள். கேம்டன் சதுக்கத்தில் 1950-களிலிருந்து இயங்கும் லண்டன் ஐரிஷ் மையத்துக்கு 390-இல் போய்ச் சற்று நடக்க வேண்டும். மேயோ அம்மையாரை அங்கே மதிய உணவுக்கு இருமுறை கூட்டிப்போனேன், மூன்றாம் முறை அவர் என்னைக் கூட்டிப்போனார். ரைஸ்லிப்பில் உள்ள, அயர்லாந்தின் சொந்த விளையாட்டான கேலிக் கால்பந்தின் மைதானமும் அப்படித்தான். லண்டன் அணி அயர்லாந்தின் கோனாக்ட் மாகாணப் போட்டியில் ஆடுவதால், மேயோவோ கால்வேயோ இங்கு வந்து விளையாடும் நாளில் சென்ட்ரல் வழித்தட ரயிலில் அந்த மாவட்டங்களின் வண்ணச் சட்டைகள் நிறைந்திருக்கும்.

ஆகவே வண்டி வாங்கலாமா என்று கேட்கும் தோழிகளுக்கு என் பதில், வேண்டாம் என்பதே. சென்றடையும் இடங்களிலும் இரவு நேரச் சேவையிலும் டப்ளினைவிட லண்டன் பல படி மேல்; 43-உம் 134-உம் இரவு முழுக்க ஓடுவதால்தான் என்னால் பணிமுறைகளைத் தயங்காமல் ஏற்க முடிகிறது. ஒரு பழக்கத்தை மட்டும் நான் விடவில்லை. டப்ளினில் முன்கதவு வழியாகவே இறங்குவோம், ஓட்டுநருக்கு நன்றி சொல்லாமல் இறங்குபவர் குறைவு. இங்கே நடுக்கதவில் இறங்கும்போதும் சொல்கிறேன். இரைச்சலில் அது ஓட்டுநரை எட்டுவதில்லை. எனக்குப் பின்னால் நிற்பவர்தான் தனக்கோ என்று விழிப்பார்.

சென்ற ஆண்டு டப்ளினுக்குப் போயிருந்தபோது, டாலா செல்லும் பேருந்தில் ஏறி, ஆசையாக ஓட்டுநரின் முகத்தைப் பார்த்து இடத்தைச் சொன்னேன். அங்கே 2021 நவம்பரிலேயே தொண்ணூறு நிமிடத்துக்கு 2.30 யூரோ என்ற ஒரே கட்டணம் பெரும்பாலான பயணங்களுக்கு வந்துவிட்டிருந்தது. அவர் ஒரு வார்த்தை பேசாமல் என் வலப்பக்கம் இருந்த இயந்திரத்தைக் காட்டினார். தொட்டேன், ஒலித்தது, உள்ளே போய் அமர்ந்தேன். டாலாவில் எனக்கு முன்னால் இறங்கிய நான்கு பேரும் நன்றி சொன்னார்கள். ஐந்தாவதாக நானும் சொன்னேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துத் தலையசைத்தார்.