ஆய்வாளர் பேட்டிகள்: கேட்டுக் கேட்டுச் சேர்ந்த சந்தோஷமும் எரிச்சலும்

பாலக்கோட்டில் ஆசிரியராக இருக்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "எந்நேரமும் காதுல மாட்டிக்கிட்டு ஆய்வாளர் பேட்டியாவே கேக்குறீங்களே, நானும் காசு கட்டிச் சேந்துக்கலாமா?" வாட்ஸ்அப்பில் ரெண்டு வரியில் சொல்லி முடிகிற விஷயமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு பஸ்ஸில் வேலைக்குப் போய் வரும் எனக்குச் சில வருடங்களாக இதுதான் துணை. புத்தகம் எழுதிய பேராசிரியர்கள், கல்வெட்டு அறிஞர்கள், இசை, சிற்பம் பற்றி எழுதுகிறவர்கள் உட்கார்ந்து நிதானமாகப் பேசும் பாட்காஸ்டுகள். ஆப் எப்படி, டேட்டா எவ்வளவு தின்னும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதில் எனக்குக் குறையில்லை. என் எரிச்சலெல்லாம் ஒன்றே ஒன்றில்: "அது எப்படித் தெரிஞ்சது?" என்று நெறியாளர்கள் கேட்பதே இல்லை. வந்தவர் தானாகச் சொல்ல ஆரம்பித்தாலும் விடுவதில்லை.

கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையையே எடுத்துக்கொள்வோம். அங்கே இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022இல் அரசு அறிவித்தது. நான் தினமும் போய் வரும் மாவட்டம், கேட்டதும் சிலிர்த்துவிட்டது. ஆனால் இரும்பை நேராகச் சோதித்துச் சொன்ன வயசு அல்ல அது. குழியில் கிடைத்த கரித்துண்டில், காலம் போகப் போகக் குறைந்துகொண்டே வரும் கார்பன்-14 எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அளந்து சொன்னது. கரியும் இரும்பும் ஒரே காலத்தவைதானா என்பதற்கு மண்ணடுக்குதான் சாட்சி. அப்படியென்றால் கேட்க வேண்டியதும் மண்ணடுக்கைப் பற்றித்தானே? ஒரு பேட்டியில் ஆய்வாளர், "அந்த அடுக்கைப் பாத்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தார். நெறியாளர் உடனே புகுந்து, "அப்போ உலகத்துக்கே இரும்பைக் குடுத்தது நாமதான்னு சொல்லலாமா சார்?" என்றார். அவர் சங்கடமாகச் சிரித்தார். அடுத்த கேள்வி, "இந்தத் துறைக்கு எப்படி வந்தீங்க?" மண்ணடுக்கு அதோடு போயே போச்சு. வருடக்கணக்கில் வெயிலில் குழிக்குள் உட்கார்ந்தவருக்கு நாம் கொடுக்கும் மரியாதை இதுதானா?

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். அதியமானின் தகடூர்தான் எங்கள் தருமபுரி. அசோகரின் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு 'சதியபுத்திரர்' என்று ஒருவரும் வருகிறார். அது யார் என்று அறிஞர்கள் ரொம்ப காலம் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். 1981இல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில், தமிழின் பழைய எழுத்தான தமிழியில் வெட்டிய ஒரு கல்வெட்டு கிடைத்தது. 'ஸதியபுதோ', அதாவது அதே சதியபுத்திரர், என்ற பட்டத்தோடு அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பாளி, அதாவது துறவிகள் தங்கும் இடம், என்று ஒரே வரி. சதியபுத்திரர் எங்கள் அதியமான் வம்சம்தான் என்று தெரிந்தது. இதைப் பற்றிய பேட்டி ஒன்றில் நெறியாளர், "இது கிடைக்கிறதுக்கு முன்னாடி என்ன நெனச்சுக்கிட்டு இருந்தாங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு அமைதியாகிவிட்டார். வந்தவர் பழைய வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எது எங்கே உடைந்தது என்று சொல்லிக்கொண்டே போனார். கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் எழுத்தின் வடிவத்தை வைத்து அதைக் கி.பி. முதல் நூற்றாண்டு என்று கணித்ததையும், அசோகருக்கும் இந்த அஞ்சிக்கும் நடுவே பெரிய இடைவெளி விழுவதையும் மறைக்காமல் சொன்னார். நடுவில் ஒரு தடவை நிறுத்தி, "இல்ல, இதை வேற மாதிரி சொல்றேன்" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். அச்சில் முடிந்த முடிவு மட்டும்தான் கிடைக்கும். இங்கே ஒரு அறிஞர் யோசிப்பதையே கூட இருந்து கேட்கலாம். அன்றைக்கு ஸ்டாப்பில் இறங்கவே மனசில்லை.

கலை பற்றிய பேட்டிகளில் எனக்குப் பிடித்தவை நடுகல் பேசுபவை. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் கல்லில், செத்த வீரனோடு, திருடர்களைக் கடித்துக் காவல் நின்ற 'கோவிவன்' என்ற நாய்க்கும் பெயர் எழுதி இடம் கொடுத்திருக்கிறார்கள். அதைக் கேட்ட பிறகு தருமபுரி அருங்காட்சியகத்து நடுகற்கள் முன்னால் நான் நிற்கும் நேரமே கூடிவிட்டது.

இவ்வளவு சொல்லிவிட்டு நண்பருக்கு என்ன பதில்? காசு கட்டாதீங்க. என் சந்தாவும் இந்த மாசத்தோடு முடிகிறது, புதுப்பிக்கப் போவதில்லை. நேற்றும் ஒரு பேட்டி, நாயக்கர் கால ஓவியங்கள் பற்றி. சுவரில் எந்த நிறத்தை எதிலிருந்து எடுத்தார்கள் என்று அந்த அம்மா சொல்ல வாயெடுத்ததும், "சுருக்கமா சொல்லுங்க மேடம், நேரமாச்சு" என்றார் நெறியாளர். அதற்கு முந்தின பத்து நிமிஷமும் அவரேதான் பேசினார். இதுக்கெல்லாம் நான் பணம் தர மாட்டேன். ஜம்பை பேட்டி இலவசமாகவே கிடைக்கிறது, லிங்க் அனுப்புகிறேன். அறிமுகப் பேச்சைத் தள்ளிவிட்டு, கல்வெட்டு வரும் இடத்திலிருந்து கேளுங்கள்.